கௌரிகுண்டோடு உங்கள் பொறுப்பு முடிவதில்லை: கேதார்நாத் யாத்திரை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வருகிற ஐப்பசிக்கு நீங்கள் போட்டிருக்கும் நோட்டீஸ்கள் சில என் கைக்கு வந்தன. வேறு வேறு ஊர், வேறு வேறு பெயர். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாற்றம். முன்பு கேதாருக்கு இரண்டு நாள் ஒதுக்கிவந்த நீங்கள் இப்போது அதை ஒரே நாளாகச் சுருக்கிவிட்டீர்கள். "அதிகாலை குதிரையில் ஏற்றம், மதியம் தரிசனம், இரவு குப்தகாசி திரும்புதல்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, தாளின் அடியில் பொடி எழுத்தில் "குதிரை, டோலி ஏற்பாடு யாத்ரீகர்களின் சொந்தப் பொறுப்பு" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. போன ஐப்பசியில் மயிலாடுதுறையிலிருந்து கிளம்பிய ஒரு குழுவில் நானும் என் பெரியம்மாவும் இருந்தோம். எங்களுக்கும் இரண்டு நாள் என்றுதான் சொல்லிப் பணம் வாங்கினார்கள். மலையேறும் முன் தங்கும் ஊரான குப்தகாசியில் இறங்கிய ராத்திரி, மேலே அறை கிடைக்கவில்லை, ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்றார்கள். அன்று அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு இந்த வருஷம் உங்கள் அட்டவணையாகவே ஆகியிருக்கிறது. அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்பதை நோட்டீஸ் சொல்லாது. நான் சொல்கிறேன்.

குப்தகாசி சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயில் இருப்பது 3,583 மீட்டரில். சோன்பிரயாகோடு வண்டிகள் நின்றுவிடும். அங்கே வரிசையில் நின்று ஷேர் ஜீப் பிடித்தால் கௌரிகுண்டு. அங்கிருந்து மலைப்பாதை. 2013 ஜூன் வெள்ளத்துக்கு முன்னால் இந்தப் பாதை 14 கிலோமீட்டர். வெள்ளம் ராம்பாரா என்ற ஊரையே துடைத்துக்கொண்டு போன பிறகு, மந்தாகினி ஆற்றைக் கடந்து எதிர்க்கரை வழியாகப் புதுப் பாதை போட்டார்கள். இப்போது குறைந்தது 16 கிலோமீட்டர். ராம்பாரா தாண்டியதும் லின்சோலி வரை இருக்கிற ஏற்றம் நடப்பவர்களுக்கு மட்டுமல்ல, மேலே ஆளைச் சுமக்கிற பிராணிக்கும் மூச்சு வாங்கும்.

இதையெல்லாம் ஒரே பகலுக்குள் அடக்க வேண்டுமென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டும். எழுப்பினார்கள். குப்தகாசியிலிருந்து சோன்பிரயாகுக்கு சுமார் 30 கிலோமீட்டர். வழியெல்லாம் வண்டி நெரிசல். பதிவுச் சீட்டு சரிபார்க்கும் வரிசை, ஜீப் வரிசை எல்லாம் முடிந்து பெரியம்மா குதிரை மேல் ஏறியபோது நன்றாக விடிந்துவிட்டது. மேலே போய்ச் சேரப் பிற்பகல். தரிசன வரிசை. இறங்கத் தொடங்கியபோது வெயில் மலையுச்சியில் மட்டும்தான் இருந்தது. ஐப்பசியில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அந்தக் கணக்குப்படி, இறக்கத்தின் பாதிப் பாதை இருட்டில்தான். உங்கள் அட்டவணை எழுதியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

"குதிரை" என்று நீங்கள் எழுதுவது பெரும்பாலும் கோவேறு கழுதை. அதன் மேல் போடுகிற சேணம் எப்படி இருக்கும் என்று உங்கள் நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டும் அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குக் கிடைத்ததை நான் கிட்டத்தில் பார்த்தேன். இரும்புச் சட்டம், அதன் மேல் மடித்த கோணிச் சாக்கு, சாக்கின் மேல் ஒரு பழைய ரஜாய், அதாவது பஞ்சு வைத்த போர்வை. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு இரும்பு வளையம். வயிற்றுப் பட்டை ஓரிடத்தில் அறுந்து நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. இறக்கத்தில் சேணம் முன்னால் சரியாமலிருக்க வாலுக்கடியில் ஒரு வார் கொடுப்பார்கள். அதுவும் கயிறுதான். கால் வைக்கிற அங்கவடி ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. பெரியம்மா ஒன்பது கஜம் கட்டியிருந்தார். எப்படி உட்கார வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல உங்கள் ஆள் ஒருவரும் கௌரிகுண்டில் இல்லை.

மலையில் சவாரி செய்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள் நாலைந்துதான். ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறக்கத்தில் பின்னால். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைக்க வேண்டும். முழுப் பாதத்தையும் நுழைத்தால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும், பிராணி இழுத்துக்கொண்டே போகும். பாதி வழியில் நிறுத்தி வயிற்றுப் பட்டையை மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடக்க நடக்க அது தளரும். நடந்து போகிறவர்கள் குதிரை வரும்போது மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. பேருந்தில் ஹரித்வாரிலிருந்து குப்தகாசி வரை ஒரு முழுப் பகல் உட்கார்ந்து வந்தோம். வழியெல்லாம் மைக்கில் ஸ்தல புராணம் சொன்ன உங்கள் டூர் மேனேஜருக்கு இதைச் சொல்லப் பத்து நிமிஷம் இல்லை.

பாதையில் உள்ள பீம்பலி என்ற இடத்துக்குக் கீழே, இருட்டுகிற நேரத்தில், பெரியம்மா விழுந்தார். பகலில் உருகிய தண்ணீரும் சாணமும் கலந்து கல் பாவிய பாதை வழுக்கிக்கொண்டிருந்தது. கோவேறு கழுதைக்கு முன்னங்கால் சறுக்கியது. அது சுதாரித்துக்கொண்டது. ஆனால் வால் கயிறு அறுந்து, சேணம் அப்படியே கழுத்துக்குச் சரிந்து, பெரியம்மா தோள் வழியாகக் கீழே வந்தார். குதிரைக்காரன் நேபாளத்துப் பையன், இருபது வயதுகூட இருக்காது. பள்ளத்துப் பக்கம் போக இருந்தவரை மலைப்பக்கமாகத் தள்ளிவிட்டது அவன்தான். அவனுக்கும் முழங்கை கிழிந்து ரத்தம். நடந்து வந்துகொண்டிருந்த நான் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா பாறையில் சாய்ந்து, "ஒண்ணும் இல்லடி, தோள்தான் தூக்க முடியல" என்றார். காரை எலும்பு முறிந்திருந்தது. இடது மணிக்கட்டும் போயிருந்தது.

உங்கள் டூர் மேனேஜருக்குப் போன் செய்தேன். சிக்னல் கிடைத்து அவர் எடுத்தபோது குப்தகாசி விடுதியில் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "காலைல அஞ்சு மணிக்கு பத்ரிக்கு பஸ் கிளம்புது, வந்துடுவீங்களா?" நான் அவரைக் குறை சொல்லவில்லை. நாற்பது பேருக்கு ஒரே ஒருவரை அனுப்பி, அவரிடம் சமையல், அறை, வண்டி எல்லாவற்றையும் ஒப்படைத்தவர்களைத்தான் கேட்கிறேன். காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த டோலிக்காரர்கள் நாலு பேர் வண்டி நிற்கிற இடம் வரை பெரியம்மாவைச் சுமந்து வந்தார்கள். கூலி பேசவே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள்தான் இன்னொன்று தெரிந்தது. கௌரிகுண்டில் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் முன்பணம் கட்டிக் குதிரை எடுக்கும் கவுண்டர் இருக்கிறது. அங்கே எடுத்தால் ரசீது உண்டு, பிராணிக்கும் அதை நடத்துபவருக்கும் பதிவு எண் உண்டு. எங்கள் குழுவை அந்தப் பக்கமே போகவிடாமல், "நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க, சீக்கிரம் ஏத்திவிட்டுடுவாங்க" என்று உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் வேறு வழியில் கூட்டிப்போனார். எங்களிடம் ரசீது இல்லை. புகார் கொடுக்கப் போனால் எந்தக் குதிரை, யாருடையது என்று கேட்கிறார்கள். என்னிடம் இருந்தது அந்தப் பையனின் முகம் மட்டும்தான். அவன்மேல் புகார் கொடுக்க எனக்கு மனமும் இல்லை.

அந்தப் பிராணிகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2022-இல் நடை திறந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இந்தப் பாதையில் செத்தன. விஷயம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 மே தொடக்கத்தில் குதிரைக் காய்ச்சல் பரவிய நேரத்தில் இரண்டே நாளில் பத்துக்கு மேல் செத்தபோது, சவாரியையே தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். ஓய்வில்லாமல் ஏற்றி இறக்குவதும், வியர்த்துக் கொட்டும் பிராணிக்குச் சரியாகத் தண்ணீர் காட்டாததும் இப்படிப்பட்ட சாவுகளுக்குக் காரணங்கள் என்று மிருக வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் "ஒரே நாள்" திட்டத்தில் அதே பிராணி அதே பகலில் மேலே போய், தரிசனம் முடியும் வரை பசியோடு காத்திருந்து, களைத்த காலோடு இருட்டில் ஆளைச் சுமந்து இறங்க வேண்டும். களைத்த பிராணிதான் சறுக்கும். அது சறுக்கினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விழுவார்கள். சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வாயில்லா ஜீவனை அடித்து ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எங்களுக்கும் புண்ணியம் இல்லை.

உயரம் இன்னொரு விஷயம். கேதாரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரை ஊர்களில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு என்று வந்தால் அதற்கு ஒரே நல்ல வைத்தியம் கீழே இறங்குவது. எங்களோடு வந்த ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் லின்சோலியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது. அவர் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று சுற்றியிருந்தவர்கள் அவரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேளையாகப் பின்னால் வந்த மதுரைக்கார டாக்டரம்மா ஒருவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கையோடு அவரைக் கீழே அனுப்பினார். அந்த டாக்டரம்மா அன்று அந்த நேரத்தில் அந்த வழியே வராமலிருந்தால்? 55 வயதுக்கு மேற்பட்டவர்களும் இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லி உத்தராகண்ட் அரசு அறிவுரை வெளியிட்டிருக்கிறது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் சாப்பாட்டில் பூண்டு வெங்காயம் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதய நோய் உண்டா என்று கேட்கவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களில் சிலவற்றை எனக்கு நேரிலேயே சொன்னார்கள். மேலே ராத்திரி தங்கினால்தான் மலைநோய் வரும், அன்றே இறங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார் ஒருவர். தங்கினால் ஆபத்து கூடும் என்பது உண்மைதான். அதற்காக ஓட்டமாக ஏற்றி ஓட்டமாக இறக்குவது பரிகாரம் ஆகாது. மேலே போன சில மணி நேரத்திலேயே படுத்துவிட்டவர்களை அன்றே பார்த்தேன். முதல் ராத்திரியைக் கௌரிகுண்டிலோ சோன்பிரயாகிலோ கழித்துவிட்டு, விடிந்ததும் ஏறி, உடம்பு ஒத்துழைப்பவர்கள் மட்டும் மேலே தங்கி, மறுநாள் வெளிச்சத்தில் இறங்கினால் பாதி விபத்து குறையும்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்றார் இன்னொருவர். 2022 அக்டோபர் 18 அன்று கேதாரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் மலையில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் சென்னையைச் சேர்ந்தவர்கள். 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்டு அருகே மறுபடி ஒன்று விழுந்து ஏழு பேர். சோன்பிரயாகிலிருந்து கோயில் வரை 12.9 கிலோமீட்டர் ரோப்கார் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது வந்தால் சந்தோஷம். அது வருகிற வரை வருஷா வருஷம் ஆட்களை ஏற்றப்போகிறவர்கள் நீங்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதானே கூட்டிப்போகிறோம் என்பது உங்கள் மூன்றாவது பதில். நானும் ஒப்புக்கொள்கிறேன், கேதாருக்கு நடக்க ஐப்பசியைப் போல ஒரு காலம் கிடையாது. மழை கழுவிவிட்ட ஆகாயம். கோயிலுக்குப் பின்னால் கேதார சிகரம் அடி முதல் நுனி வரை ஒரு மேகமில்லாமல் நிற்கும். சரிவுகளில் புல் தாமிர நிறத்துக்குத் திரும்பியிருக்கும். கூட்டமும் வைகாசியை ஒப்பிட்டால் குறைவு. நடந்து ஏறிய எனக்கு அந்தக் காலைப் பொழுது இந்த ஜன்மத்துக்கும் மறக்காது. அதனால்தான் இந்த யாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் மழை போனதும் மலை கெட்டிப்பட்டுவிடுவதில்லை. 2024 செப்டம்பர் 9 மாலை சோன்பிரயாகுக்கும் கௌரிகுண்டுக்கும் நடுவே மலை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அதே மாதம் உத்தராகண்டிலேயே உள்ள ஆதி கைலாசம் போன சிதம்பரத்துக்காரர்கள் முப்பது பேர் நிலச்சரிவால் வழி அடைபட்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டதை நம் ஊர்ப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்தோம். மலையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் கையில் இருக்க வேண்டும். உங்கள் அட்டவணையில் மறுநாள் காலை ஐந்து மணிக்கு பத்ரி பேருந்து நிற்கிறது.

குறைந்த விலை கேட்பது ஜனங்கள்தான், இரண்டு நாள் என்றால் யாரும் வரமாட்டார்கள் என்றும் சொல்கிறீர்கள். எங்கள் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேர் வாழ்நாள் சேமிப்பிலிருந்து கட்டியவர்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் கூடுதலாகச் சில ஆயிரம் ஆகும் என்று காரணத்தோடு சொல்லியிருந்தால் கட்டியிருப்பார்கள். கட்ட முடியாதவர்கள் ஹரித்வார், ரிஷிகேஷ், ஊக்கிமடம் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். குளிர்காலம் ஆறு மாதமும் கேதாரநாதருக்குப் பூஜை நடப்பது ஊக்கிமடத்தில்தான், அங்கே வண்டி வாசல் வரை போகிறது. பாடல் பெற்ற தலங்களில் திருக்கேதாரமும் ஒன்று. அதைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் நின்றபடியே நினைத்துப் பாடினார்கள் என்பது நம் மரபு. ஏற முடியாதவர் லின்சோலியில் கைகூப்பிவிட்டுத் திரும்புவது குறை இல்லை என்று உங்கள் டூர் மேனேஜர் சொன்னால் அந்தப் பெரியவர்கள் கேட்பார்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள், வீட்டுப் பிள்ளைகள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

இந்த ஐப்பசிக்கான ஒரே நாள் திட்டத்தைக் கைவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு இரண்டு நாள் ஏற்பாடு செய்யுங்கள். முடியாதென்றால் கேட்பவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். பத்ரிக்கு முன்னால் ஒரு நாள் காலியாக விடுங்கள். பாதை அடைபட்டாலோ ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ அந்த நாள் வேண்டும்.

குழுவோடு உங்கள் ஆட்கள் இரண்டு பேராவது மலை ஏற வேண்டும். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசி ஆளோடு. இருவரும் இந்தி தெரிந்தவர்களாக, கையில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் முதலுதவிப் பையும் வைத்திருப்பவர்களாக இருக்கட்டும். முடியாதவரைக் கீழே அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவரோடு ஒருவர் கூடவே போக வேண்டும். இதையும் நோட்டீஸிலேயே எழுதுங்கள்.

குதிரை வேண்டுவோரை அரசுக் கவுண்டருக்கே அழைத்துப்போய், ரசீது எண்ணையும் குதிரைக்காரரின் பதிவு எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டு ஏற்றிவிடுங்கள். உள்ளூர் ஏஜென்ட் மூலம் குதிரை ஏற்றுவதை அடியோடு நிறுத்துங்கள். ஏறும் முன் சேணத்தையும் வயிற்றுப் பட்டையையும் உங்கள் ஆள் கையால் இழுத்துப் பார்க்கட்டும். காலில் புண் உள்ள, நொண்டுகிற பிராணியை வேண்டாம் என்று சொல்லட்டும். இறக்கத்துக்குக் குதிரை வேண்டாம், முடிந்தவர்கள் நடங்கள், முடியாதவர்கள் டோலி எடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி, அந்தச் செலவையும் மொத்தக் கட்டணத்தில் காட்டுங்கள். இருட்டிய பிறகு ஒருவரையும் சவாரியில் வைக்காதீர்கள்.

பேருந்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எப்படி ஏறுவது, எப்படி உட்காருவது, எப்படி ஒதுங்கி நிற்பது என்று சொல்லிக்கொடுங்கள். "ருக்கோ", "தீரே", "உத்தாரோ" என்ற மூன்று இந்திச் சொற்களையும் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லவையுங்கள். நிறுத்து, மெதுவாக, இறக்கிவிடு. பெரியம்மா அன்று "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று தமிழில் கத்திக்கொண்டே வந்திருக்கிறார். அந்தப் பையனுக்குப் புரியவில்லை.

பணம் வாங்கும் முன் மருத்துவச் சான்று கேளுங்கள். மலைமீட்புச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் அடங்கிய காப்பீடு எல்லோருக்கும் எடுத்து, அதன் நகலைக் கையில் கொடுங்கள். "சொந்தப் பொறுப்பு" என்ற அந்தக் கடைசி வரியை நோட்டீஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். மலை யாத்திரை நடத்துபவர்கள் மேற்சொன்னவற்றைச் செய்கிறார்களா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் ஒரு முறையை அந்தத் துறை கொண்டுவர வேண்டும் என்பது என் தனிக் கோரிக்கை. உங்களில் யார் யார் ஒரே நாள் திட்டத்தைக் கைவிடுகிறீர்கள், யார் யார் விடவில்லை என்பதைப் புரட்டாசி முடிவதற்குள் வெளிப்படையாக அறிவியுங்கள். எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த ஐப்பசிக்குப் போகப் பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அவர்கள் மீதிப் பணத்தைக் கட்டுவார்கள்.